திருத்தும் உரிமை: பேனாவை யாரிடம் கொடுப்பது?

ஆடையூரிலிருந்து ஒரு விவசாயி திருவண்ணாமலை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் பெயர் முனுசாமி. பட்டாவில் முனியசாமி என்று விழுந்திருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் என்று சொல்லி வங்கியில் பயிர்க்கடன் மனுவைத் திருப்பிவிட்டார்கள். டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கேட்டால், ஒரே ஒரு அப்டேட் கட்டளையில் முடிகிற வேலை, ஒரு விநாடிகூட ஆகாது என்பார். நடைமுறையிலோ மனு, ஆவணங்கள், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, அதிகாரமுள்ள அலுவலரின் உத்தரவு என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

இந்த இழுவையில் ஒரு பங்கு வெறும் மெத்தனம். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு பங்கு தெரிந்தே கட்டிய தடுப்பு. முனியசாமியை முனுசாமி ஆக்கும் அதே கட்டளையால் முனுசாமியின் நிலத்தை முருகேசன் பெயருக்கும் மாற்றிவிட முடியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். எது எழுத்துப் பிழை, எது மோசடி என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. எந்தப் புலத்தில் யார் எழுதலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதை மட்டும் தூங்காமல் காவல் காக்கும். அப்படிச் சொல்லிவைக்கும் முறைதான் இந்த அத்தியாயம்.

கர்ணம் காலத்துக் கணக்கு

எழுதுகிறவன் கையில் ஊர் இருக்கிறது என்பது தமிழ்நாட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து சொல்லித் தெரிந்த செய்தி அன்று. 1980 வரை கிராமக் கணக்கு கர்ணத்திடம் இருந்தது. வழிவழியாக ஒரே குடும்பத்தைச் சுற்றிவந்த பதவி. பல ஊர்களில் அடங்கலும் சிட்டாவும் இருந்தது அவர் வீட்டுப் பெட்டியில். எழுதுபவர் அவர், பார்த்துச் சொல்பவர் அவர், நகல் தருபவரும் அவரே. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இந்தப் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. 20,000 பேருக்கு மேல் பதவி இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த இடத்துக்கு வந்தவர்தான் தேர்வெழுதி வேலைக்கு வரும், இடமாறுதல் உண்டு என்று தெரிந்தே வரும் விஏஓ என்னும் கிராம நிர்வாக அலுவலர்.

அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூடிஆர் திட்டம் நடந்தது. மலைபோன்ற வேலை, கையால் எழுதிய பதிவேடுகள். பெயர் மாறியது, உறவுமுறை மாறியது, சில இடங்களில் சர்வே எண்ணே தடம் மாறியது. இன்றும் தாலுகா அலுவலகங்களில் ‘யூடிஆர் பிழை’ என்றால் விளக்கம் தேவைப்படாது. ஒருமுறை தப்பாக ஏறிய எழுத்து மூன்று தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்று பட்டாப் பதிவுகள் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானால் விவரம் இணையவழியில் வருவாய்த் துறைக்குப் போகிறது. பதிவுத் துறைக்கு 2018இல் வந்த ‘ஸ்டார் 2.0’ என்ற மென்பொருள் தனி. நிலத்தை உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் அளந்து வரைபடம் தருவார். உத்தரவு வட்டாட்சியர் கையில். அளந்தவரே உத்தரவு போட முடியாது. பத்திரம் பதிவதற்கு ஒரு துறை, பட்டா மாற்றுவதற்கு வேறொரு துறை. குறைகள் எத்தனை இருந்தாலும் கர்ணத்தின் பேனாவை நாலாக ஒடித்து நாலு பேரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை.

கோயில் நிலத்தில் இது இன்னும் கண்டிப்பு. அருணாசலேசுவரர் கோயில் உட்பட, இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு பொருந்தும். அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பரிமாற்றம் செய்யவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அந்த நடவடிக்கை செல்லாது. அனுமதி தருமுன் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. சேதம் பெரிதாக ஆக, உரிமை மேலே போகிறது. டேட்டாபேஸ் வடிவமைப்பவர் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு இது.

2021இல் அறநிலையத் துறை தன் நிலப் பதிவுகளைத் தமிழ்நிலத்தோடு ஒப்பிட்டு, சுமார் 3.43 லட்சம் ஏக்கருக்கான விவரங்களை இணையத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கும் உரிமை ஊருக்கெல்லாம் திறந்தபோது எழுதும் உரிமை ஓர் அங்குலமும் நகரவில்லை. புதிதாக டேட்டாபேஸ் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் முடிந்துவிடுவதுதான் முதல் பிசகு.

நான்கு வினைகளும் ஓர் உண்டியலும்

ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற எண்ணத்தை முன்வைத்தார். ஒரே தரவைப் பலர் பகிர்ந்தால் யார் எதைத் தொடலாம் என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. அதே நிறுவனத்தின் பாட்ரிசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்டு வேட் இருவரும் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உரிமை தர ‘கிராண்ட்’, பறிக்க ‘ரிவோக்’. தந்தவரின் உரிமை போனால், அவர் தந்து தந்து கீழே இறங்கிய உரிமைகளும் சேர்ந்து போக வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. இன்று போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எதைத் திறந்தாலும் அந்த இரண்டு சொற்கள்தான்.

தரவைத் தொடும் வினைகள் நான்கு: பார்க்க செலக்ட், புதிதாகச் சேர்க்க இன்செர்ட், இருப்பதைத் திருத்த அப்டேட், நீக்க டெலீட். இந்த நான்கும் தனித்தனி உரிமைகள். பலரும் ‘ஆல் பிரிவிலேஜஸ்’ என்று எழுதி மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

பௌர்ணமி கிரிவலம் முடிந்ததும் அண்ணாமலையார் கோயிலில் உண்டியல் எண்ணுவார்கள். உண்டியலில் காசு போட எவருக்கும் உரிமை உண்டு. போட்ட பிறகு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போட்டவருக்கே உரிமை இல்லை. நூறு ரூபாய் தவறி விழுந்துவிட்டது, ஐம்பதாக மாற்றித் தாருங்கள் என்று கேட்கவும் வழியில்லை. திறப்பது அதிகாரிகள் முன்னிலையில், எண்ணுவது பலர் கூடி, மேலே கேமரா. டேட்டாபேஸ் மொழியில் பக்தருக்கு இருப்பது இன்செர்ட் மட்டும். புகார் பெட்டி, வாக்களிப்புப் பதிவு, தணிக்கைப் பதிவு, கட்டண ரசீது எல்லாவற்றுக்கும் இந்த ஒற்றை உரிமையே போதும்.

ஒரு நுணுக்கம். போஸ்ட்கிரெஸ்ஸில் இன்செர்ட் செய்யும்போதே புதிய வரிசையின் எண்ணைத் திருப்பிக் கேட்கும் ‘ரிட்டர்னிங்’ வசதி இருக்கிறது. அதற்குச் செலக்ட் உரிமையும் வேண்டும். செயலி எழுதுபவர் “பர்மிஷன் டினைடு வருது” என்று ஓடிவருவார். உடனே டேபிள் முழுவதற்கும் செலக்ட் கொடுத்துவிடாமல், அந்த எண் புலத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய பொறி அப்டேட்டில் இருக்கிறது. பாதுகாப்புக்காக என்று நினைத்து ஒருவருக்கு அப்டேட் மட்டும் கொடுத்து, செலக்ட் கொடுக்காமல் விடுகிறார்கள். “சர்வே எண் 112 உள்ள வரிசையை மட்டும் திருத்து” என்று அவர் கேட்டால் மறுக்கப்படும். ஏனென்றால் சர்வே எண்ணைப் படித்துப் பார்த்தால்தானே 112 எது என்று தெரியும், படிக்க அவருக்கு உரிமை இல்லை. நிபந்தனையே இல்லாமல் “எல்லா வரிசையிலும் முனுசாமி என்று எழுது” என்றால்? கேள்வி கேட்காமல் எழுதிவிடும். டெலீட்டிலும் இதே கதை. ஒரு வரிசையை நீக்க முடியாதவர் டேபிளையே துடைத்துவிட முடியும். ஆகவே திருத்த உரிமை தருபவருக்கு, திருத்த வேண்டிய வரிசையைக் கண்டுபிடிக்கத் தேவையான புலங்களில் செலக்ட்டும் சேர்த்துத் தர வேண்டும்.

டெலீட்டைப் பறித்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று உட்கார்ந்துவிடக் கூடாது. டேபிளை ஒரே வீச்சில் காலி செய்யும் ‘ட்ரங்கேட்’ போஸ்ட்கிரெஸ்ஸில் தனி உரிமை. மைஎஸ்க்யூஎல்லில் அது டேபிளையே தூக்கியெறியும் ‘ட்ராப்’ உரிமையோடு வருகிறது. ஒவ்வொரு வரிசை நீங்கும்போதும் தானாக ஓடும்படி எழுதிவைத்த டெலீட் ட்ரிகர் எதுவும் ட்ரங்கேட்டின்போது கண்விழிக்காது.

ஆளுக்கு அல்ல, நாற்காலிக்கு

விஏஓ மாற்றலாகிப் போவார், வட்டாட்சியர் மாற்றலாகிப் போவார், நாற்காலி அங்கேயே இருக்கும். உரிமையை நாற்காலியின் பெயரில் எழுதி, ஆளை அதில் உட்காரவைத்து எழுப்பினால் வேலை சுளுவு. டேட்டாபேஸில் அந்த நாற்காலிக்கு ரோல் என்று பெயர். எஸ்க்யூஎல் தரத்தில் இது 1999இல் ஏறியது. போஸ்ட்கிரெஸ் 2005இல் வந்த 8.1 பதிப்பில் பயனரையும் குழுவையும் ரோல் என்ற ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. மைஎஸ்க்யூஎல்லுக்கு 2018இல் வந்த 8.0 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதனால் பழைய மைஎஸ்க்யூஎல் சர்வர்களில் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுத்த உரிமைகள் இன்னும் புதர்போல் மண்டிக் கிடக்கும்.

பயிற்சிக்காக ஒரு சிறிய மாதிரி கட்டலாம். அரசின் மென்பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்பதற்கு இது படம் இல்லை, பாடத்துக்காக வரைந்தது. டேபிள்கள் மூன்று: ‘விண்ணப்பம்’, ‘பட்டா’, ‘தணிக்கை’. போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தடையில்லை. ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட் என்று வரம்பு இருக்கிறது. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் தின்னும், ‘வி’ என்ற எழுத்துக்கே இரண்டு குறி போகும். 21 குறிக்குள் பெயரை முடிக்காவிட்டால் வால் வெட்டுப்படும்.

ரோல்கள்: விண்ணப்பம் வாங்கும் கவுன்டருக்கு ஒன்று, விஏஓவுக்கு ஒன்று, சர்வேயருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று. இவற்றுக்கு அப்பால் டேபிள்களின் சொந்தக்காரராக ஒரு ரோல். அந்தச் சொந்தக்கார ரோலுக்கு லாகின் கூடாது. சொந்தக்காரரிடம் எதை ரிவோக் செய்தாலும் அடுத்த நிமிடமே தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள அவரால் முடியும். அதனால் அன்றாட வேலைக்கு அந்தப் பெயரில் யாரும் உள்ளே நுழையக் கூடாது.

கவுன்டருக்கு விண்ணப்பத்தில் இன்செர்ட், செலக்ட். அவ்வளவே. விஏஓவுக்கு விண்ணப்பத்தில் செலக்ட், கூடவே ‘பரிந்துரை’, ‘குறிப்பு’ என்ற இரண்டு புலங்களில் மட்டும் அப்டேட். விண்ணப்பதாரர் பெயரையோ சர்வே எண்ணையோ அவர் தொட முடியாது. புல அளவில் உரிமை தருவதைப் போஸ்ட்கிரெஸ் 8.4, அதாவது 2009 முதல் அனுமதிக்கிறது. ஏற்கெனவே டேபிள் முழுவதற்கும் அப்டேட் கொடுத்துவிட்டு, பிறகு ‘பெயர் புலத்தில் மட்டும் ரிவோக்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. கட்டளை ஓடும், உரிமை போகாது. முதலில் டேபிள் அளவிலான அப்டேட்டைப் பறித்துவிட்டு, வேண்டிய புலங்களை ஒவ்வொன்றாகத் தர வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘டினை’ என்று வெளிப்படையாகத் தடைபோடும் கட்டளை இருக்கிறது; போஸ்ட்கிரெஸ்ஸில் அப்படி ஒன்று கிடையாது, கொடுக்காமல் இருப்பதுதான் தடை.

விஏஓ தன் கிராமத்து விண்ணப்பத்தை மட்டும் தொட வேண்டுமே? வேங்கிக்கால் விஏஓ அடி அண்ணாமலை வரிசையில் பரிந்துரை எழுதக் கூடாது. இதற்கு வரிசை அளவிலான காவல் உண்டு, போஸ்ட்கிரெஸ்ஸில் 9.5 பதிப்போடு 2016இல் வந்தது. ‘இந்த வரிசையின் கிராமம் உன் கிராமமாக இருந்தால் மட்டும்’ என்று ஒரு விதி எழுதலாம். விதியில் இரண்டு பகுதி இருக்கிறது. ‘யூசிங்’ என்பது எந்த வரிசையை எடுக்கலாம் என்று பார்க்கும். ‘வித் செக்’ என்பது திருத்திய பிறகு அந்த வரிசை என்னவாக மாறலாம் என்று பார்க்கும். கிராமப் புலத்தையும் திருத்த உரிமை உள்ளவருக்கு இந்த இரண்டாவதைத் தளர்த்தி எழுதிவிட்டால், தன் வரிசையை எடுத்து அடுத்த கிராமத்தின் பெயரில் மாற்றிவைத்துவிட வழி கிடைக்கும். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கு இந்தக் காவல் பொருந்தாது. டேபிள் சொந்தக்காரருக்கும், ‘ஃபோர்ஸ்’ என்று கூடுதலாகச் சொன்னால் ஒழிய, பொருந்தாது. சோதிப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே லாகின் செய்து சோதித்து, விதி வேலை செய்யவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பட்டாவுக்கு ஒரே வாசல்

‘பட்டா’ டேபிளில் யாருக்கு அப்டேட்? யாருக்கும் இல்லை. தாசில்தாருக்குக்கூட இல்லை.

அவருக்குக் கிடைப்பது ‘பட்டா_மாற்று’ என்ற ஒரு ஃபங்ஷனை ஓட்டும் உரிமை. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் அந்த ஃபங்ஷன் பரிந்துரை இருக்கிறதா, உட்பிரிவு என்றால் சர்வேயர் அறிக்கை இருக்கிறதா, பரிந்துரைத்தவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு ஆளா என்றெல்லாம் பார்க்கும். பார்த்த பிறகு ஒரே ஒரு வரிசையை மாற்றி, தணிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வரும். ஃபங்ஷன் அதன் சொந்தக்காரரின் பலத்தில் ஓடும்படி ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று அறிவித்தால், ஓட்டுபவருக்கு டேபிளில் நேரடி உரிமை தேவையில்லை. 34ஆம் பிரிவு ஆணையருக்குச் செய்வதை இந்த ஃபங்ஷன் தாசில்தாருக்குச் செய்கிறது: அதிகாரம் உண்டு, ஆனால் நடைமுறையைத் தாண்டி அதிகாரம் இல்லை.

இங்கே வழுக்கும் இடங்கள் மூன்று. போஸ்ட்கிரெஸ்ஸில் புதிதாக எழுதும் எந்த ஃபங்ஷனையும் ஓட்டும் உரிமை தானாகவே ‘பப்ளிக்’குக்கு, அதாவது எல்லோருக்கும் போய்விடும். ஃபங்ஷனை எழுதிய கையோடு பப்ளிக்கிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும். அடுத்தது, ஃபங்ஷனுக்குள் ‘கரன்ட்_யூசர்’ யார் என்று கேட்டால் சொந்தக்காரர் பெயர் வரும். உண்மையில் லாகின் செய்தவர் யார் என்று அறிய ‘செஷன்_யூசர்’ என்று கேட்க வேண்டும். ஒப்புதல் தந்தவர் பெயர் எல்லா வரியிலும் ஒன்றாகவே விழுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மூன்றாவது ‘செர்ச் பாத்’: எந்த ஸ்கீமாவில், அதாவது டேபிள்களின் எந்தத் தொகுப்பில், டேபிளைத் தேடுவது என்பதை ஃபங்ஷனோடு கட்டிவைக்காவிட்டால், வேறு ஸ்கீமாவில் அதே பெயரில் போலி டேபிள் வைத்து ஏமாற்றலாம்.

பப்ளிக் என்ற பெயரில் கதவு திறந்து கிடப்பது போஸ்ட்கிரெஸ்ஸின் பழைய வழக்கம். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு வரை, உள்ளே வர முடிந்த எவரும் ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் புது டேபிள் போடலாம் என்றிருந்தது. அந்தப் பதிப்பில் அதை மாற்றினார்கள். ஆனால் பழைய டேட்டாபேஸைப் புதுப் பதிப்புக்கு ஏற்றினால் பழைய உரிமையும் மூட்டையோடு கூடவே வரும். கையால்தான் பறிக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே பெயரில் வந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் ஆளுக்கு ஒரு லாகின் என்ற கணக்கில். நடைமுறையில் இணையச் செயலிகள் அப்படி வருவதில்லை. நூறு பேர் திரையில் வேலை செய்தாலும் டேட்டாபேஸுக்குள் நுழைவது செயலியின் ஒரே ஒரு லாகின். அந்த லாகினுக்கு என்ன உரிமையோ, அதுவே செயலியை உடைத்து உள்ளே வரும் திருடனின் உரிமையும். தேடல் பெட்டியில் கட்டளையை ஒளித்து அனுப்பும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலில் டேபிளே காணாமல் போவதும், நாலு வரி மட்டும் கசிவதும் இந்த உரிமை வித்தியாசத்தில்தான் இருக்கிறது. செயலி லாகினுக்கு டேபிள் வடிவத்தை மாற்றும் உரிமை வேண்டாம். புதுப் பதிப்பு ஏற்றும்போது வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் அதற்குத் தனி லாகின். அந்த வேலை முடிந்ததும் அதைப் பூட்டிவிட வேண்டும்.

தணிக்கையில் யார் செய்தது என்று எழுதும்போதும் இதே சிக்கல். எல்லா வரியிலும் ‘செயலி’ என்றே விழும். செயலி ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொடக்கத்திலும், திரையில் இருப்பவரின் அலுவலர் எண்ணை ஒரு செஷன் மாறியில் எழுதிவைக்கும்படி செய்ய வேண்டும். அந்தப் பரிவர்த்தனையோடு அது அழியும்படி ‘செட் லோக்கல்’ என்று எழுதுவது முக்கியம். இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பூலில், முன்னால் வந்தவரின் எண் ஒட்டிக்கொண்டிருந்தால் செய்யாத திருத்தம் அடுத்தவர் தலையில் விழும்.

தணிக்கை டேபிளுக்கு உண்டியல் விதி: பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, எந்த உத்தரவின் பேரில் என்று ட்ரிகர் எழுதும். தணிக்கை ரோல் பார்க்கும். திருத்தவோ நீக்கவோ எந்த ரோலுக்கும் உரிமை இல்லை. இது வெறும் நல்ல பழக்கம் என்ற நிலையைச் சட்டம் தாண்டிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும், அதை அணைத்துவைக்க முடியக் கூடாது என்பது விதி. டேலியில் ‘எடிட் லாக்’ என்று வந்தது இதன் பொருட்டே. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

ஒரு எழுத்துதானே சார்

விதிகள் எல்லாம் போட்டாயிற்று. ஒரு மத்தியானம் கவுன்டரிலிருந்து ஒரு பெண் ஊழியர் சிஸ்டம் அறைக்கு வருகிறார்.

“சார், ஒரு எழுத்துதான். நீங்களே உள்ள போய் மாத்திட்டா முடிஞ்சுது. பாவம், பெரியவர் மூணாவது தபா வந்திருக்காரு.”

“மாத்தறதுக்கு அரை நிமிஷம் ஆகாதும்மா. நாளைக்கு யாரு மாத்தினதுன்னு கேட்டா ஆர்டர் நம்பரும் இருக்காது, உன் பேரும் இருக்காது. என் பேருதான் இருக்கும். மனுவைப் போட்டு அனுப்பு, நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

இந்த உரையாடல் நடக்காத அலுவலகம் இல்லை. பெரியவருக்கு உதவ வேண்டும் என்ற அந்தப் பெண்ணின் எண்ணம் நியாயமானது, அதனாலேயே ஆபத்தானது. அடிக்கடி வரும் எழுத்துப் பிழைத் திருத்தத்துக்கென்று தனி ஃபங்ஷன் ஒன்று எழுதிவைத்து, தகப்பனார் பெயர்ப் புலத்தை மட்டும், உத்தரவு எண்ணோடு மாற்ற வழிசெய்துவிட்டால், சிஸ்டம் அறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். நேர்வழி குறுகலாக இருக்கும் இடத்தில்தான் கொல்லைப்புற வழி தேய்ந்து பாதையாகிறது.

நிர்வாகியே கையால் திருத்த வேண்டிய நாளும் வரும். அப்போது முதல் கட்டளை ‘பிகின்’. அடுத்துத் திருத்தம். திரையில் ‘அப்டேட் 1’ என்று வந்தால் அந்த ஒரு வரிசையைச் செலக்ட் செய்து கண்ணால் பார்த்துவிட்டு ‘கமிட்’. ‘அப்டேட் 1843’ என்று வந்தால் நிபந்தனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ‘ரோல்பேக்’ கொடுத்துவிட்டு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவது நல்லது. மைஎஸ்க்யூஎல் கிளையண்டில் நிபந்தனை இல்லாத திருத்தத்தை மறுக்கும் ‘சேஃப் அப்டேட்ஸ்’ வசதி உண்டு. அதே வசதிக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கூச்சப்படாமல் போட்டுவைக்கலாம்.

எல்லாச் சாவியும் ஒருவரிடமே இருப்பதும் ஆபத்து. 2008இல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் நெட்வொர்க் பொறியாளர் ஒருவர் கடவுச்சொற்களைத் தர மறுத்து, சிறையில் இருந்தபடியே பல நாள் நகர நிர்வாகத்தைத் திணறவைத்தார். கடைசியில் மேயரே சிறைக்குப் போய் வாங்கிவர வேண்டியதாயிற்று. சூப்பர்யூசர் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் போட்டு அலுவலகப் பெட்டகத்தில் வைத்து, உறையைப் பிரித்தால் பதிவேட்டில் இருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிரித்த வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை போட வேண்டும்.

வருடத்துக்கு ஒரு ஜமாபந்தி

பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. ஒவ்வொரு பசலியும் முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளை விஏஓக்கள் கொண்டுவந்து வைக்க, மேலதிகாரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். உரிமைப் பட்டியலுக்கும் இப்படி ஒரு நாள் குறித்துவைப்பது உத்தமம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு டேபிளில் யாருக்கு என்ன உரிமை என்பதை ‘பேக்ஸ்லாஷ் டிபி’ என்ற குறுங்கட்டளை காட்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு பயனருக்கு உள்ள உரிமைகளை ‘ஷோ கிராண்ட்ஸ்’ காட்டும். பட்டியலை அச்செடுத்து, நாற்காலிவாரியாக அந்தந்த அலுவலரிடமே காட்டி “இது உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டாலே பாதி உதிர்ந்துவிடும்.

அதில் முதலில் தேட வேண்டியது ‘வித் கிராண்ட் ஆப்ஷன்’, அதாவது தனக்குக் கிடைத்த உரிமையை அடுத்தவருக்கும் தரலாம் என்ற சலுகை. போஸ்ட்கிரெஸ்ஸில் அவரிடமிருந்து பறிக்கும்போது ‘கேஸ்கேட்’ என்று சொன்னால் அவர் வழியாகப் போனதெல்லாம் சேர்ந்து அறும். சொல்லாவிட்டால் பறிக்கவே மறுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்தச் சங்கிலி தானாக அறுவதில்லை. கொடுத்தவர் போய்விட்டாலும் அவர் கொடுத்தது அப்படியே கிடக்கும், ஒவ்வொன்றாகத் தேடித்தான் பறிக்க வேண்டும்.

அடுத்தது, புதிதாக முளைத்த டேபிள்கள். நேற்று கொடுத்த உரிமை நாளை உருவாகும் டேபிளுக்குப் பொருந்தாது. போன மாதம் சேர்த்த டேபிளைத் தணிக்கை ரோலால் பார்க்கவே முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ என்று ஒருமுறை எழுதிவைத்தால் இனி வரும் டேபிள்களுக்கு அது பொருந்தும். ஆனால் எந்த ரோல் டேபிளை உருவாக்குகிறதோ அந்த ரோலின் பெயரில் எழுதியிருந்தால்தான்.

கடைசியாக, ஓய்வுபெற்றவர்களும் மாற்றலானவர்களும். அந்த லாகினை உடனே நீக்க முயன்றால் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் மறுக்கும். அவர் பெயரில் ஏதோ ஒரு டேபிளோ ஃபங்ஷனோ இருக்கும். முதல் நாள் ‘நோ லாகின்’ ஆக்கி, உள்ளே இருக்கும் அவரது இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இரவில் ஓடும் ஏதாவதொரு ரிப்போர்ட் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் அது நின்றுபோய் யாராவது போன் செய்துவிடுவார்கள். பிறகு ‘ரீஅசைன் ஓன்டு’ கொடுத்து அவர் சொத்துகளைச் சொந்தக்கார ரோலுக்கு மாற்றி, மிச்சமிருக்கும் உரிமைகளை ‘ட்ராப் ஓன்டு’ மூலம் துடைத்து, அந்தச் சர்வரில் உள்ள ஒவ்வொரு டேட்டாபேஸிலும் இதையே செய்த பிறகு ‘ட்ராப் ரோல்’.